மாடிப்படி விளக்குக்கு மூன்று வயர்

(ஆறுமுகநேரியில் வீடு கட்டுவோரும் வயரிங் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் சின்னது. மாடிப்படியில் ஒரு லைட். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். கீழே போட்டு மேலே அணைக்க வேண்டும்; மேலே போட்டுக் கீழே அணைக்க வேண்டும். மச்சு வீடு கட்டுகிற ஒவ்வொருவரும் கேட்கிற வசதிதான். "அண்ணாச்சி, படிக்கு டூ வே வச்சிருங்க" என்று வயர்மேனிடம் ஒரு வரி சொல்லிவிட்டு நாம் டைல்ஸ் பார்க்கப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சுவருக்குள் என்ன செய்கிறார்கள் என்பதை விளக்கமாகச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இந்த வேலையைச் சரியாகவும் செய்யலாம், தப்பாகவும் செய்யலாம். இரண்டிலும் லைட் ஒன்றுபோலவே எரியும், ஒன்றுபோலவே அணையும். என்றைக்கோ ஒருநாள் பல்பு மாற்ற ஹோல்டரில் கை வைக்கும்போதுதான் வித்தியாசம் தெரியவரும்.

சாதாரண சுவிட்சிலிருந்து தொடங்குவோம். மெயினிலிருந்து லைட்டுக்கு இரண்டு வயர் வருகிறது. ஒன்று பேஸ், மற்றது நியூட்ரல். நியூட்ரலை டிரான்ஸ்பார்மர் அடியிலேயே பூமியோடு இணைத்திருக்கிறார்கள். ஆகவே தரையில் நிற்கிற மனிதனுக்கும் அதற்கும் இடையில் பெரிய வேறுபாடு கிடையாது. பேஸுக்கும் தரைக்கும் இடையில் 230 வோல்ட் நிற்கிறது. வெறுங்காலோடு தரையில் நிற்பவர் அதைத் தொட்டால் ஷாக் அடிக்கும். அதனால்தான் சுவிட்ச் எப்போதும் பேஸில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். சுவிட்சை அணைத்ததும் ஹோல்டருக்கு வரும் பேஸ் துண்டாகிவிட வேண்டும். பிறகு பல்பைக் கழற்றலாம், தூசி துடைக்கலாம். சுவிட்சை நியூட்ரலில் மாட்டினாலும் லைட் அணையத்தான் செய்யும். ஆனால் ஹோல்டரில் பேஸ் அப்படியே நிற்கும். லைட் எரியவில்லை என்பதை வைத்து அங்கே கரண்ட் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இன்றைய பேச்சு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

இனி டூ வே சுவிட்ச். கடையில் ஒன்று வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சாதாரண சுவிட்சில் இரண்டு முனை இருக்கும், இதில் மூன்று. ஒன்றைக் காமன் என்பார்கள். பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் காமன். மற்ற இரண்டும் அதற்கு இரு பக்கத்திலும் இருக்கும். பொத்தானை ஒரு பக்கம் தட்டினால் காமன் ஒரு முனையோடு சேரும், மறுபக்கம் தட்டினால் மற்ற முனையோடு சேரும். ஆன், ஆஃப் என்று இதற்குத் தனியாகக் கிடையாது. எந்த நேரத்திலும் ஏதாவது ஒரு பக்கம் சேர்ந்தேதான் இருக்கும்.

சரியான இணைப்பு இப்படி. மெயினிலிருந்து வரும் பேஸைக் கீழ்ச் சுவிட்சின் காமனில் கொடுக்க வேண்டும். அந்தச் சுவிட்சின் இரண்டு பக்க முனைகளிலிருந்து இரண்டு வயர் மேல் சுவிட்சின் இரண்டு பக்க முனைகளுக்குப் போக வேண்டும். இவற்றை இடைவயர்கள் என்று வைத்துக்கொள்வோம். மேல் சுவிட்சின் காமனிலிருந்து ஒரு வயர் லைட்டுக்கு. நியூட்ரல் எந்தச் சுவிட்சுக்குள்ளும் நுழையாமல் நேராக லைட்டுக்கு. அவ்வளவுதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்குத் திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஒற்றைப் பாதை. கிராசிங் உள்ள ஸ்டேஷனுக்குள் நுழையும்போது பாதை இரண்டாகப் பிரியும். வெளியே போகும்போது மறுபடி ஒன்றாகச் சேரும். இரண்டு முனையிலும் பாயிண்ட் இருக்கும். நுழைகிற பாயிண்டும் வெளியேறுகிற பாயிண்டும் ஒரே தடத்தைக் காட்டினால் வண்டி கடந்து போகும். ஒன்று முதல் தடத்தையும் மற்றது இரண்டாம் தடத்தையும் காட்டினால் வண்டி நின்றுவிடும். எந்த முனையில் பாயிண்டை மாற்றினாலும் நிலைமை மாறும். இரண்டு சுவிட்சுக்கு மொத்தம் நான்கு நிலைகள். இரண்டில் எரியும், இரண்டில் அணைந்திருக்கும். அணைந்திருக்கிற இரண்டு நிலையிலும் பேஸ் ஓர் இடைவயரின் முனையோடு நின்றுவிடும். ஹோல்டருக்கு அது வந்து சேராது.

படியில் ஓடும் பைப்புக்குள் எத்தனை வயர் போக வேண்டும்? லைட் மேலே இருந்தால் இரண்டு இடைவயர், கூடவே கீழ்ப் போர்டிலிருந்து ஒரு நியூட்ரல். லைட் கீழ்ப்பக்கம் இருந்தால் இரண்டு இடைவயர், மேல் காமனிலிருந்து லைட்டுக்குத் திரும்பி வரும் ஒரு வயர். எப்படிப் பார்த்தாலும் மூன்று. எர்த் தனி.

இந்த மூன்றில்தான் சிக்கனம் பிடிக்கிறார்கள். அது எப்படி என்று சொல்வதற்கு முன் பழைய வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1944-இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1957-இல் மின்சார வாரியம் அமைந்தது. தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் வந்தது. இந்த இடைக்காலத்தில் நம் பக்கத்து வீடுகளில் செய்ததெல்லாம் ரீப்பர் வயரிங். சுவரில் தேக்கு ரீப்பர் அடித்து, அதன்மேல் வயரைக் கிளிப்பில் பிடித்து, முனையில் மரப்போர்டு, அதில் உருண்டையான கறுப்பு சுவிட்ச். அழகு குறைவுதான். ஆனால் எந்த வயர் எங்கே போகிறது என்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். படிச்சுவரில் மூன்று வயர் ஏறுகிறதா, ஒன்றுதான் ஏறுகிறதா என்று வீட்டுக்காரரே எண்ணிவிடலாம். இப்போது பைப்பைச் சுவருக்குள் புதைத்து, பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடுகிறோம். உள்ளே இருப்பது வேலை செய்த ஆளுக்கு மட்டும்தான் தெரியும். சில வருஷம் கழித்து அவருக்கும் மறந்துபோகும்.

தப்பான முறையைச் சொல்கிறேன். கீழ்ப் போர்டில் பேஸும் நியூட்ரலும் ஏற்கெனவே இருக்கின்றன. மேல் போர்டிலும் இருக்கின்றன. "அப்புறம் எதுக்கு மூணு வயர் இழுக்கணும்?" என்று ஒருவருக்குத் தோன்றுகிறது. கீழ்ச் சுவிட்சின் ஒரு பக்க முனையில் பேஸ், மறுபக்க முனையில் நியூட்ரல். மேல் சுவிட்சிலும் அதேபோல் ஒரு பக்கம் பேஸ், மறுபக்கம் நியூட்ரல். இரண்டு காமனுக்கும் நடுவில் லைட். ஒரு சுவிட்ச் பேஸிலும் மற்றது நியூட்ரலிலும் இருந்தால் லைட் எரியும். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் அணையும். இடைவயர் இரண்டும் மிச்சம். வேலையும் அரை மணியில் முடிந்துவிடும்.

ஆனால் அணைந்திருக்கிற நிலைகளைப் பாருங்கள். ஒன்றில் ஹோல்டரின் இரண்டு பின்னுக்கும் நியூட்ரல், ஆபத்து இல்லை. மற்றொன்றில் இரண்டு பின்னுக்கும் பேஸ். லைட் எரியவில்லை, ஆனால் ஹோல்டர் முழுவதும் 230 வோல்ட்டில் நிற்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி, ஈரக் கையால் பல்பைத் திருகுகிற பெண்மணிக்கு அது எந்த நிலை என்று எப்படித் தெரியும்? தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் மின்சாரம் தாக்கி 12,000 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். வயலில் அறுந்த கம்பியிலிருந்து வீட்டுப் போர்டு வரை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. வீட்டுக்குள் நடப்பதையாவது நாம் நம் கையால் தடுக்க முடியும். ஷாக் அடித்ததைவிட, அந்த அதிர்ச்சியில் ஸ்டூலிலிருந்து படியில் உருண்டு விழுவது இன்னும் கொடுமை. மாடிப்படி விளக்கு என்றால் அந்த ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது.

இந்த முறையில் இன்னொரு கெடுதலும் உண்டு. அதை ஆறுமுகநேரிக்காரர்கள் மற்ற ஊர்க்காரர்களைவிடக் கவனமாகக் கேட்க வேண்டும். தப்பாகக் கொடுத்த ஒவ்வொரு சுவிட்சுக்குள்ளும் பேஸும் நியூட்ரலும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரும் புதிருமாக நிற்கின்றன. சரியான முறையில் ஒரு சுவிட்சுக்குள் நியூட்ரல் நுழைவதே இல்லை. காய்ந்த ஊரில் அந்தச் சில மில்லிமீட்டர் தாக்குப்பிடிக்கலாம். நம் ஊர் அப்படிப்பட்ட ஊரா?

ஊரைச் சுற்றி உப்பளம். கொண்டல் அடித்தால் கடலிலிருந்து உப்புத் துகள் காற்றோடு வருகிறது. ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே நீரை இழுத்துக் கசியும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்பு நீரில் இருப்பது பெரும்பாலும் மக்னீசிய உப்புகள்தான். மக்னீசியம் குளோரைடுக்கு 75 சதவீதம் தேவையில்லை, அதில் பாதிக்கும் குறைவான ஈரப்பதத்திலேயே நீரை இழுத்துவிடும். ஆகவே நம் ஊர் சுவிட்சுக்குள் படிந்திருக்கிற தூசி வருஷத்தில் பெரும்பகுதி நாள் லேசாக ஈரமாகவே இருக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அந்த ஈரத்தின் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கசிந்து, பிளாஸ்டிக்கின் மேல் கரிக்கோடு போட்டு, ஒருநாள் அந்தக் கோடே பாதையாகிவிடும். அன்றைக்கு சுவிட்சைத் தட்டியதும் படாரென்று தீப்பொறி பறக்கும்.

ஓர் ஐந்தாறு வருஷப் போர்டை மெயினை அணைத்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். பிளேட்டின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான தூசி. பித்தளை முனைகளைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு. திருகாணியின் தலை துருவேறி, ஸ்குரூ டிரைவர் வைத்தால் பொரிந்து உதிரும். வயரின் முனையில் அரை அங்குலம் வரை செம்பு கறுத்துப்போயிருக்கும். அந்தக் கறுப்பின் மேலேயே புது சுவிட்சை முறுக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தம்பிமார்களே, அப்படிச் செய்யாதீர்கள். கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, செம்பு சிவப்பாகப் பளிச்சென்று தெரிகிற இடம் வரை இன்சுலேஷனை உரித்து, இழைகளை முறுக்கி மடித்து, பித்தளைத் திருகாணியால் அழுத்தமாகப் பிடியுங்கள். இதைச் செய்ய வேண்டுமென்றால் போர்டுப் பெட்டிக்குள் வயர் கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். முதலில் போடும்போதே ஒரு சாண் விட்டு வையுங்கள். இந்த ஊரில் அது வீண் செலவில்லை.

உப்பைப் பற்றிக் குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நன்றாக இருக்காது. பக்கத்தில் சாகுபுரத்தில் டிசிடபிள்யூ ஆலையில் உப்புக் கரைசலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தித்தான் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். அதே வளாகத்தில் பிவிசியும் தயாராகிறது. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். குளோரின் கிடைப்பது உப்பிலிருந்து. நம் வீட்டு வயரின் மேல் இருக்கும் உறையும், அது ஓடுகிற பைப்பும் அந்தப் பிவிசிதான். செம்பை அரிக்கிற உப்பே, செம்புக்கு மேலுறையாகவும் வந்து நிற்கிறது. உறை முழுசாக இருக்கிற இடத்தில் வயருக்கு ஒன்றும் ஆவதில்லை. முனையில் திறந்திருக்கிற அந்த அரை அங்குலத்தில்தான் எல்லாத் தொல்லையும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்து ஊரான காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சாதாரணமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். தாமிரபரணி கரை புரண்டு, ஊர் ஊராகத் தண்ணீர் நின்றது. பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. தண்ணீர் வடிந்தபின் தரையைக் கழுவினோம், சாமான்களை வெயிலில் போட்டோம். சுவருக்குள் இருக்கும் பைப்பை யார் பார்த்தோம்? கீழ்ப் போர்டு வரை தண்ணீர் ஏறிய வீடுகளில் அந்தச் சேற்று நீர் பைப்புக்குள்ளும் போயிருக்கும். பைப் வளைகிற தாழ்ந்த இடத்தில் அது தேங்கும். நீர் காய்ந்தாலும் உப்பும் மண்ணும் உள்ளேயே படிந்திருக்கும். படி லைட்டின் பைப் கீழ்ப் போர்டில் தொடங்கி மேலே ஏறுவதால் அதற்கு இந்தக் கதி நிச்சயம். உள்ளே வயரில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றியிருந்தால் அந்த ஒட்டில் கசிவு வரும். பைப்புக்குள் ஒட்டுப் போடக் கூடாது என்று சொல்வது இதற்காகத்தான். ஒட்டு எப்போதும் திறந்து பார்க்கக்கூடிய ஜங்ஷன் பாக்ஸில் இருக்க வேண்டும். அன்றைக்கு வெள்ளம் புகுந்த வீடுகளில் வயரின் கசிவைச் சோதிக்கும் மெக்கர் கருவியை இன்னும் வைத்துப் பார்க்காதவர்கள் இருந்தால், 500 வோல்ட் மெக்கரால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வயருக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம் என்று இருக்கிற வீடுகள். இரண்டு மீட்டர், இரண்டு சர்வீஸ். ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆன பிறகு தனித்தனி சர்வீஸ் வாங்குவது இயல்பாகிவிட்டது. அதில் தப்பில்லை. மாடிப்படி லைட் எந்த மீட்டரைச் சேர்ந்தது என்பதில்தான் குழப்பம். பேஸ் கீழ் மீட்டரிலிருந்தும் நியூட்ரல் மேல் மீட்டரிலிருந்தும் எடுத்திருந்தால் என்ன ஆகும்? மேல் வீட்டுக்காரர் ஏதோ வேலைக்காகத் தன் மெயினை அணைக்கிறார். இப்போது வருகிற மெயின்கள் பேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும். அந்த நேரத்தில் கீழ் வீட்டுச் சிறுவன் படி லைட்டைப் போடுகிறான். லைட் எரியாது. ஆனால் கீழிருந்து வந்த பேஸ் பல்புக்குள் புகுந்து, திரும்பிப் போக வழியில்லாமல், மேல் வீட்டின் நியூட்ரல் வயர்கள் அத்தனையிலும் போய் நிற்கும். மெயினை அணைத்தாயிற்று என்ற நம்பிக்கையில் நியூட்ரலைக் கையில் பிடித்திருக்கிறவருக்கு ஷாக் அடிக்கும். அவர் செய்த தப்பு எதுவும் இல்லை. எப்போதோ யாரோ ஒரு வயரை மிச்சப்படுத்தியதன் பலன் அது.

ஒரே மீட்டராக இருந்தாலும் இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் வரும். இப்போது நல்ல வீடுகளில் கீழ்த் தளத்துக்கு ஒரு ஆர்சிசிபி, மேல் தளத்துக்கு ஒரு ஆர்சிசிபி வைக்கிறார்கள். பழக்கத்தில் இஎல்சிபி என்று சொல்கிறோமே, அதுதான். அதன் வேலை மிக எளிது. பேஸ் வழியாக எவ்வளவு மின்சாரம் வெளியே போனதோ, அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கும். 30 மில்லியாம்பியர் குறைந்தாலே, யாரோ ஒருவர் உடம்பு வழியாகப் பூமிக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே விழுந்துவிடும். இப்போது படி லைட்டின் பேஸ் கீழ் ஆர்சிசிபியிலிருந்து புறப்பட்டு, நியூட்ரல் மேல் ஆர்சிசிபியில் போய்ச் சேர்ந்தால்? ஒரு 9 வாட் எல்இடி பல்பு எடுக்கிற மின்சாரமே சுமார் 40 மில்லியாம்பியர். லைட்டைப் போட்டதும் ஆர்சிசிபி விழும்.

அப்புறம் நடப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. "அண்ணாச்சி, இந்த இஎல்சிபி சும்மா சும்மா விழுது, பால் பொங்கும்போது போயிருது, எடுத்துருங்க" என்று வீட்டில் சொல்வார்கள். வந்தவரும் அதைக் கழற்றி நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டில் குளியலறை ஹீட்டர், மிக்சி, வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் காவலாக இருந்த ஒரு கருவியை, ஒரு படி லைட்டின் தப்பான நியூட்ரலுக்காக வெளியே தூக்கிப் போட்டாயிற்று. ஆர்சிசிபி விழுந்தால் அது சொல்வதைக் கேளுங்கள். எங்கேயோ நியூட்ரல் மாறியிருக்கிறது, அல்லது எங்கேயோ கசிவு இருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்வதுதான் வேலை. எந்த எம்சிபியிலிருந்து, அதாவது மெயின் போர்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் இருக்கிற சுவிட்சிலிருந்து, பேஸ் புறப்பட்டதோ, அதே பிரிவின் நியூட்ரலில்தான் திரும்பிப் போய்ச் சேர வேண்டும். இதை வயரிங் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

ஏசி, மோட்டார் என்று மூன்று பேஸ் சர்வீஸ் வாங்கிய வீடுகளில் கீழ்த் தளம் ஒரு பேஸ், மேல் தளம் இன்னொரு பேஸ் என்று பிரித்திருப்பார்கள். அந்த வீட்டில் நான் முன்பு சொன்ன தப்பான முறையைச் செய்தால், அணைந்திருக்க வேண்டிய ஒரு நிலையில் பல்புக்கு இரண்டு பேஸுக்கு இடையேயான 400 வோல்ட் போய்விடும். இன்வெர்ட்டர் வீடுகளுக்கும் இதே எச்சரிக்கை. இன்வெர்ட்டர் பேஸும் மின்வாரியத்தின் ஈபி பேஸும் எந்தச் சுவிட்சுக்குள்ளும் சந்திக்கக் கூடாது. படி லைட் இன்வெர்ட்டரில் வேண்டுமென்றால் பேஸ், நியூட்ரல் இரண்டும் அந்தப் பிரிவிலிருந்தே வரட்டும்.

மூன்று இடத்தில் சுவிட்ச் வேண்டுமானால் என்ன செய்வது என்று பலர் கேட்பார்கள். காயல்பட்டினத்துப் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை நீளமாகப் போகும். முன்னால் ஒரு சுவிட்ச், நடுக்கட்டில் ஒன்று, பின்கட்டில் ஒன்று வேண்டும். இதற்கு இன்டர்மீடியட் சுவிட்ச் என்று ஒன்று இருக்கிறது. நான்கு முனை. ஒரு நிலையில் வந்த இரண்டு வயரையும் அப்படியே நேராக அனுப்பும். மறுநிலையில் இரண்டையும் மாற்றி அனுப்பும். இரண்டு முனையிலும் டூ வே, நடுவில் எத்தனை இன்டர்மீடியட் வேண்டுமானாலும் போடலாம். நான்கு மாடி ஆனாலும் ஐந்து மாடி ஆனாலும் எந்தத் தளத்தில் தட்டினாலும் லைட் மாறும். எல்லாச் சுவிட்சுக்கும் நடுவே ஓடுவது அதே இரண்டு இடைவயர்தான். உப்பு குடோன்களுக்கு வேறொரு முறை உண்டு. உள்ளே போகப் போக ஒவ்வொரு லைட்டாக எரிந்து, கடந்து வந்தது அணையும். அதுவும் டூ வே சுவிட்சுகளைக் கொண்டு செய்வதுதான். ஐடிஐயில் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இங்கே படிக்கிற பிள்ளைகளும் வந்திருக்கிறார்கள், அவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 1937-இல் அமெரிக்காவில் எம்ஐடியில் கிளாட் ஷானன் என்ற இருபத்தொரு வயது மாணவர் முதுகலைப் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு எழுதினார். அவருக்கு முந்தைய நூற்றாண்டில் ஜார்ஜ் பூல் என்ற கணித அறிஞர் உண்மை, பொய் என்ற இரண்டையே எண்களாக வைத்து ஓர் இயற்கணிதம் உருவாக்கியிருந்தார். சுவிட்சுகளும் ரிலேக்களும் எப்படி இணைந்தாலும் அந்த இயற்கணிதத்தாலேயே எழுதிக் கணக்கிடலாம் என்று ஷானன் காட்டினார். நம் படி லைட்டை அந்தக் கணக்கில் எழுதினால், இரண்டில் ஒன்று மட்டும் உண்மையானால் விடை உண்மை என்று வரும். கம்ப்யூட்டர் இரண்டு எண்களைக் கூட்டும்போது ஒவ்வோர் இலக்கத்திலும் செய்வது இதே கணக்குதான். உங்கள் வீட்டுப் படியில் இருப்பது கம்ப்யூட்டரின் ஓர் உறுப்பு. ஐடிஐ படிக்கிற தம்பி தன் படிப்பைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை.

வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு குறிப்பு. படி லைட்டில் எல்இடி போட்ட பிறகு, அணைத்தாலும் மங்கலாக மினுக்குகிறது என்று புகார் வரும். இரண்டு இடைவயரும் ஒரே பைப்பில் ஒட்டி ஓடுகின்றன. ஒன்றில் பேஸ் நிற்க, மற்றது சும்மா இருந்தாலும் பக்கத்து வயரிலிருந்து மிகச் சிறிய அளவு அதற்குள் ஏறும். பழைய குண்டு பல்பு அதைக் கண்டுகொள்ளாது, எல்இடி கண்டுகொள்ளும். இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இதே காரணத்தால் டெஸ்டர் வைத்தால் சும்மா இருக்கிற வயரிலும் லேசாக எரியும். அதை நம்பி வயரை மாற்றிக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். மெயின் போர்டின் நியூட்ரலில் ஒரு முனை, பார்க்க வேண்டிய வயரில் ஒரு முனை. உண்மையான பேஸ் என்றால் லேம்ப் எரியும், ஏறி வந்த பொய் மின்சாரம் என்றால் எரியாது.

ரிமோட், சென்சார், போனில் தட்டினால் எரிகிற பல்பு என்று இப்போது பல வந்துவிட்டன. முட்டி வலியோடு படியேறுகிற பெரியவர்களுக்கு, ஆள் வந்தால் தானே எரிகிற சென்சார் நல்லதுதான், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவற்றுக்கும் உள்ளே வருவது ஒரு பேஸ், ஒரு நியூட்ரல். சுவருக்குள் தப்பு இருந்தால் எந்தக் கருவியும் அதைத் திருத்தாது.

ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் இருப்பவர்கள், தகுதிச் சான்று வைத்திருக்கிற ஒரு வயர்மேனைக் கூப்பிட்டு இந்த ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு, இரண்டு சுவிட்சையும் நான்கு நிலையிலும் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு நிலையிலும் ஹோல்டரின் இரண்டு பின்னையும் டெஸ்ட் லேம்ப்பால் பார்க்க வேண்டும். எந்த நிலையிலாவது இரண்டு பின்னிலும் பேஸ் காட்டினால் அது தப்பான முறை. அந்தப் பைப்பில் புதிதாக வயர் இழுத்தே ஆக வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு என் வேண்டுகோள். போர்டு மாட்டுவதற்கு முன்னால் வயர்மேனைப் படிப் பைப்பின் இரண்டு முனையையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மஞ்சள் இடைவயர், மூன்றாவதாக ஒன்று, பச்சையில் எர்த். சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களை இடைவயருக்குப் பயன்படுத்த விடாதீர்கள். இடைவயர் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறினாலும் பாதகமில்லை என்பதால் இரண்டும் ஒரே மஞ்சளாக இருக்கலாம். வயரில் ஐஎஸ் 694, சுவிட்சில் ஐஎஸ் 3854 என்ற ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 90 மீட்டர் சுருளில் இந்தப் படிக்குக் கூடுதலாகப் போவது சில மீட்டர்தான். அந்தச் செலவை வீட்டுக்காரர் மனமுவந்து கொடுக்க வேண்டும், வயர்மேன் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். பூச்சு வேலைக்கு முன்பே பைப் போகிற சுவரைப் போனில் படம் எடுத்து, எந்த எம்சிபியிலிருந்து படி லைட் வருகிறது என்று ஒரு தாளில் எழுதி மெயின் போர்டின் கதவுக்குள் ஒட்டிவையுங்கள். உங்கள் வீட்டில் எந்த முறையில் செய்திருக்கிறார்கள் என்று தெரியாதவரைக்கும், படி லைட்டில் பல்பு மாற்றுவதற்கு முன் சுவிட்சை நம்பாமல் மெயினை அணைத்துவிடுங்கள்.